மூணு புள்ளி, ஒரு கோடு

— அந்த உடைஞ்ச பட்டையைத் தூக்கிப் போட்டுடாதீங்க அண்ணே. இப்படிக் குடுங்க.

— எதுக்கும்மா? துரு, கையைக் கிழிச்சிரும். பின்பக்க ஸ்பிரிங்ல அஞ்சு பட்டை. நாலைத் தட்டி வளைச்சு மறுபடி அடுக்கிடலாம், சென்டர் போல்ட் புதுசு போட்டுக்கலாம். இந்த மெயின் பட்டைதான் ரெண்டு துண்டாயிருச்சு. இனி எடைக்குத்தான் போகும்.

— இருக்கட்டும். கடையில வேற ஆள் இல்லையா?

— எல்லாரும் சாப்பிடப் போயிருக்காங்க. ஏம்மா?

— சும்மா கேட்டேன்.

— கோணியில கட்டி டாக்ஸியில கொண்டாந்திருக்கீங்களே, வண்டி எங்க?

— ஷெட்டுல. பத்தொன்பது வருஷமா தார்ப்பாய்க்கு அடியில கிடக்கு.

— அடேயப்பா! அதைவிட எனக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷம்தாம்மா கூட. ஷட்டரை ஏன் இறக்கறீங்க?

— முகத்துல வெயில் அடிக்குது. அண்ணே, ஸ்பிரிங் பட்டையில வெல்டிங் வைக்கலாமா?

— வைக்கவே கூடாது. சூடு பட்ட இடத்துல உறுதி போயிரும். பாக்க ஜம்முனு இருக்கும். ஒரு பள்ளம், ஒரு திருப்பம், படக்குனு விட்ரும்.

— இந்த ஒடிஞ்ச இடத்தைப் பாருங்க.

— ...ஆமா. வெல்டிங்தான்.

— தெரிஞ்சே வைப்பாங்களா?

— வழியில எவனாவது அரைகுறை வச்சிருப்பான். விடுங்கம்மா. பூட்டுச் சாவியை ஏன் கையில எடுத்தீங்க?

— பூட்டணும்ல, அப்புறமா. இந்தப் பட்டை ஒடிஞ்சுதான் எங்கம்மா போனாங்க. வண்டி பள்ளத்துல உருண்டுச்சு. உருண்டதுல ஒடிஞ்சதுன்னு போலீஸ் எழுதிட்டாங்க. ரெண்டே சீட்டு அண்ணே, அதனால என்னை வீட்டுல விட்டுட்டுப் போனாங்க.

— ரெண்டு சீட்டா? என்ன கலரு?

— சிவப்பு. மேல கூரை கிடையாது.

— கொஞ்சம் இரும்மா, உக்காந்துக்கறேன்.

— தண்ணி குடிக்கிறீங்களா?

— வேணாம்மா. அந்தச் சுத்தியலைக் கீழ வைங்க.

— கனமாத்தான் இருக்கு. அன்னைக்கும் இதுதானே? இதாலதான் பட்டை ஓரத்துல மூணு புள்ளி குத்தி, பக்கத்துல ஒரு கோடு போட்டீங்க. எதுக்குன்னு கேட்டேன். "மாமாவோட கையெழுத்து பாப்பா"ன்னீங்க.

— அந்தப் பாப்பாவா நீ?

— போன வாரம் துருவைச் சுரண்டினேன். கையெழுத்து அப்படியே இருக்கு.

— கடவுளே.

— எவனோ அரைகுறைன்னு சொன்னீங்களே அண்ணே.

— நான்தான்மா. நான்தான் அது. அந்த வண்டிக்கு மெயின் பட்டை எங்க தேடியும் கிடைக்கலை. மறுநாள் தன்னோட கல்யாண நாள், வண்டி வேணும்னு உங்கப்பா வந்து நின்னாரு. முடியாதுன்னு சொல்லியிருந்தா பேசாம திரும்பிப் போயிருப்பாரு, நல்ல மனுஷன். வேலையை விட மனசு வரலை. ஒடிஞ்ச பழசையே ஒட்டி, பெயின்ட் அடிச்சு, புதுசுன்னு சொல்லிட்டேன். அந்த விபத்தைப் பேப்பர்லதான் பாத்தேன். அதுக்கப்புறம் ஒரு பட்டையிலயும் வெல்டிங் ராடு வச்சதில்லை. சாமி முன்னாடி கண்ணை மூடினா அந்தத் திருப்பம்தான் வருது. போலீஸைக் கூப்பிடும்மா. இல்லேன்னா அந்தச் சுத்தியலாலயே...

— கீழ வச்சிட்டேன், பாருங்க. அன்னைக்கு உங்க ஸ்டூலை எனக்குக் குடுத்துட்டு நீங்க தரையில உக்காந்து வேலை பாத்தீங்க. ஃபேனை என் பக்கம் திருப்பினீங்க. அந்த ஆளு கேட்டா மறைக்க மாட்டாருன்னு ஒரு நம்பிக்கை. அதுலதான் வந்தேன்.

— நான் என்னம்மா செய்யணும்? சொல்லு, எதுவானாலும் செய்யறேன்.

— அப்பா இருக்காரு அண்ணே. ஆஸ்பத்திரியில. "நான் வேகமா திருப்பித்தான் உங்கம்மாவைக் கொன்னேன்"னு பத்தொன்பது வருஷமா அதே பேச்சு. இன்னைக்குச் சாயங்காலம் தாண்டாதுன்னுட்டாங்க. நான் எடுத்துச் சொன்னேன், மக ஆறுதலுக்குச் சொல்றான்னு தலையை ஆட்டிட்டாரு.

— என் மூஞ்சியை எப்படிம்மா அவருகிட்ட காட்டுவேன்?

— கண்ணு தெரியலை, காது மட்டும் கேக்குது. பட்டையை நாளைக்கு வந்து நீங்களே அடுக்குங்க, இப்ப கடையைப் பூட்டிட்டு அந்த கிரீஸ் கையோட வந்து அப்பா கையைப் பிடிச்சு, "உங்க மேல தப்பில்லை"ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க மாமா.