யூட்டெ தோஃப்டும் வடக்குக் கோல் முன் நின்ற தண்ணீரும்

வடக்குக் கோலின் முன்னால் மட்டும் தண்ணீர் ஏன் வடியவில்லை என்ற கேள்வியோடு, முப்பத்தொரு ஆண்டுப் பணிக்குப் பின் விடைபெறும் எங்கள் கால்பந்துத் திடலின் காவலரே, உறைபனியிலும் புல்லைப் பேணிய பெருந்தகையே, அன்பிற்குரிய யூட்டெ தோஃப்ட் அவர்களே,

மகிழ்ந்து எழுத வேண்டிய மடல் இது. எங்களால் முடியவில்லை.

நீங்கள் மண்ணைக் குத்தித் துளையிட்டு மணல் நிரப்பினீர்கள். மணல் நீரைக் கீழே இறக்கும். புதைந்திருக்கும் துளைக்குழாய் அதை வாங்கி ஃபியோர்டு என்னும் கடற்கழிக்கு அனுப்பும். திடல் முழுக்க அப்படியே நடந்தது, அந்த ஓரிடம் தவிர. ஆறு இலையுதிர் காலங்களாகச் சனிக்கிழமை தோறும் உறுப்பினர் எல்லோரும் துடைப்பத்தால் தண்ணீரைக் கோலுக்குப் பின்னுள்ள வடிகிணற்றில் தள்ளினோம். பிர்தெ கடையில் காப்பி குடித்துத் திரும்பினால் தண்ணீர் எங்களுக்கு முன்பே வந்து நிற்கும்.

"கையுறை போதாது யூட்டெ, ஒரு தூண்டிலும் வாங்கிக் குடு" என்றார் கோல்காப்பாளர் த்ரோல்ஸ்.

"வாங்கித் தரேன். மீனாவது உன் கையில நிக்குதான்னு பாப்போம்" என்றீர்கள்.

கழகத் தலைவர் அஸ்கர் பேசியபோது யாரும் சிரிக்கவில்லை. "இந்த அக்டோபர்லயும் ஆட்டம் நின்னா நம்ம மேட்ச் எல்லாம் பக்கத்து ஊருக்குப் போயிடும். போனா திரும்பி வராது." ஆட்டம் நின்றது. எல்லாம் போயிற்று. பார்வையாளர்களின் வெற்றுப் பலகைகளில் இப்போது கடற்பறவைகள் உட்கார்ந்திருக்கின்றன. "நான்தான் சரியா கவனிக்கல" என்று சாவிக்கொத்தை மேசையில் வைத்தீர்கள்.

இன்றைய வழியனுப்பு விழாவுக்குக் கொடியேற்ற, வடக்குக் கோலுக்குப் பின்னால் சாய்ந்திருந்த கொடிக்கம்பத்தை நிமிர்த்தப் போன வாரம் தோண்டினோம். உங்கள் இருபத்தைந்தாம் ஆண்டைக் கொண்டாட எல்லோரும் சேர்ந்து நட்ட கம்பம் அது. காங்கிரீட்டைக் குழைத்தது நீங்கள், கொட்டியது நாங்கள். அந்தக் காங்கிரீட் ஃபியோர்டுக்குப் போகும் குழாயை நசுக்கி அடைத்திருந்தது. கிணற்றில் நாங்கள் தள்ளிய தண்ணீர் வெளியேற வழியின்றிக் குழாயை நிரப்பி, அதன் துளைகள் வழியாகவே திடலின் தாழ்ந்த இடமான கோல் வாசலில் ஏறி வந்தது. நட்டது வசந்தத்தில், தண்ணீர் நின்றது இலையுதிரில். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

தவறு உங்கள் கவனிப்பில் இல்லை, யூட்டெ. போன ஆட்டங்கள் திரும்புமா என்று தெரியாது. திரும்பும் என்று பொய் சொல்லி உங்களை அனுப்ப மாட்டோம். உடல்நலத்தோடும் நிம்மதியான உறக்கத்தோடும் நெடுங்காலம் வாழுங்கள்.

கம்பத்தை வண்டி நிறுத்துமிடத்தில் நட்டுவிட்டோம். நசுங்கிய குழாயை வெட்டியெடுத்துப் புதுத் துண்டு பொருத்தினோம். நேற்று முழுக்க மழை. இன்று காலை வடக்குக் கோல் முன் தண்ணீர் நிற்கவில்லை.

கழகத்தின் உறுப்பினர்கள், ஆட்டக்காரர்கள், கடைக்காரர் பிர்தெ