குறுக்கே நின்றது

மதியம் மூன்றே கால். வெயிலுக்குப் பயந்து நாய்கூடச் சுருண்டு படுத்துவிட்ட நேரம். குடியிருப்புக்குப் பின்னால் போகிற சாலையில் ஒரே ஒரு ஆள்... கையில் இரண்டு பேட்டரி. வாய்க்குள் யாரையோ திட்டிக்கொண்டே வருகிறார்.

என் நண்பனுடைய அக்காவின் வீட்டுக்காரர். கட்டட வரைபடம் போடுகிற வேலை. ஆபீசில் அவரை 'மேதாவி' என்பார்கள். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார்... பாவம்.

என்ன இளிப்பு? பட்டப்பகலில் பேயா என்றா? இருட்டில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, அது இருட்டில் மட்டும்தான் வரும் என்று உங்களுக்கு எவன் சொன்னான்? கேளுங்கள்.

அவருக்கு வீட்டிலேயே வேலை. சுவரில் பெரிய திரை. அதன் கீழே அலமாரியில் கம்ப்யூட்டர். பத்தடி தள்ளி மேஜை, அதன்மேல் வயர் இல்லாத மவுஸ். அதன் சிக்னலை வாங்குகிற குட்டி ரிசீவர் கம்ப்யூட்டரில் செருகியிருக்கும். அந்த மவுஸ்தான் ஒரு வாரமாக மக்கர். கோடு இழுத்தால் பாதியில் நிற்கும்... கொஞ்ச நேரம் கழித்துத் தானாக ஓடும்.

பேட்டரி மாற்றினார். மறுபடியும் பாதியில் நின்றது.

தன் பக்கம் கோளாறு இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிற ஜென்மமா அது? "நீ மைக்ரோவேவ் போடுறதாலதான்" என்று மனைவிமேல் பாய்ந்தார். அதைப் பிடுங்கினார். ரிசீவருக்குப் பக்கத்தில் செருகியிருந்த ஹார்டு டிஸ்க்கைப் பிடுங்கினார். வைஃபையை அணைத்தார். மூன்று வயது மகள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ப்ளூடூத் ஸ்பீக்கரையும் கையிலிருந்து பறித்தார். பிள்ளை வீறிட்டது. அதற்கும் ஒரு அதட்டல்.

மவுஸ் நின்றது.

அப்போதுதான் அவருக்கு ஞானம் பிறந்தது. அக்காவைக் கூப்பிட்டு, மேஜைக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நிற்கச் சொன்னார். நின்றாள். திரையில் மவுஸின் அம்புக்குறி நின்றது. நகர்ந்தாள். ஓடியது.

"பாத்தியா? மனுஷ உடம்புல பாதிக்கு மேல தண்ணி. தண்ணி சிக்னலைக் குடிச்சிரும். நாலு எழுத்து படிச்சிருந்தா தெரியும். ஆள் குறுக்க நிக்கிறதுதான் கோளாறே. போ, இந்தப் பக்கம் வராத."

தன் அறிவைத் தானே மெச்சிக்கொண்டு கோடு இழுத்தார்.

நின்றது.

"இன்னும் நீ போகலையா?" திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கத்தினார்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "நான் இங்கதாங்க இருக்கேன்... பாப்பாவும் என் இடுப்புலதான் இருக்கா. அங்க குறுக்க யாரு நிக்கிறா?"

காயாத துணியை மடித்து வைத்தால் ஒரு வாடை வருமே... அந்த வாடை. கூடத்தில் லேசாக.

கொஞ்சம் புத்தி இருப்பவன் எழுந்து வெளியே போயிருப்பான். இவர் பிடித்த முயலுக்குத்தான் மூன்று காலாயிற்றே! நீளமான ஒரு வயரில் ரிசீவரை மாட்டி, ஐந்தடி முன்னால் ஸ்டூல்மேல் வைத்தார். ஓடியது... நின்றது. ஸ்டூலை இழுத்து இரண்டடிக்குக் கொண்டு வந்தார். நின்றது. கடைசியில் ரிசீவரைத் தூக்கி மேஜைமேலேயே வைத்தார். அதற்கும் மவுஸுக்கும் நடுவில் ஒரு சாண். ஒரு பூனைக்குட்டி நிற்கக்கூட இடமில்லை.

அம்புக்குறி நின்றது.

மவுஸ் பிடித்த கை மணிக்கட்டு வரைக்கும் சில்லிட்டது. ஏசி குளிர் என்று ஏசியை அணைத்தார். கை சில்லென்றே இருந்தது.

சமையலறை வாசலில் நின்று அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகச் சொன்னாள்:

"வேணாங்க... நீங்க கிட்ட கிட்ட இழுக்குறீங்க. அதுவும் கூடவே கிட்ட வருது."

"போடி முட்டாள்" என்றார்.

அவ்வளவுதான். இருட்டுவதற்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள் அக்கா. மாற்றுத்துணிகூட எடுக்கவில்லை.

பத்து நாள் கழித்துத் துணிமணி எடுக்க நண்பன் போனான். கதவைத் திறந்த மேதாவி இளைத்திருந்தார். ஆனால் வாய் இளைக்கவில்லை. வயர் வைத்த மவுஸ் வாங்கிவிட்டாராம். கோளாறு தீர்ந்ததாம்.

"உங்கக்காவுக்கு மூளைன்னு ஒண்ணு இருந்தா இந்நேரம் திரும்பி வந்திருப்பா, மாப்ள" என்று சொல்லிவிட்டு வேலையில் உட்கார்ந்தார்.

நண்பன் துணிகளைப் பையில் அடைத்தான். வாசலில் செருப்பை மாட்டும்போது ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தானாம்.

மவுஸ் நன்றாகத்தான் ஓடியது. கோடு நேராகத்தான் போயிற்று. ஆனால் மெத்தை வைத்த அந்த அகலமான நாற்காலியில் அவர் நடுவில் உட்காரவில்லை. ஓரமாக... ஒரு தொடை வெளியே தொங்க... பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் விடுவோமே, அப்படி. அப்படி உட்கார்ந்திருப்பது அவருக்கே தெரிந்த மாதிரி இல்லை.

காலியாக இருந்த பாதியில்... மெத்தை அமுங்கியிருந்தது.