சீமையில் ஆறிய கால்

அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி. காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்ததும் வாசலில் வரிசை நீண்டுவிட்டது. செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட கட்டைவிரலைத் துணியில் சுற்றிக்கொண்டு நானும் நின்றேன். எனக்கு முன்னால் கம்பளி போர்த்திய இரண்டு பெண்கள். ஒருத்திக்கு முழங்காலுக்குக் கீழே கட்டுப் போட்டிருந்தது.

"என் காலு சீமையில ஆறிப்போச்சாம்" என்றாள் அவள். என் விரல் வலி மறந்துபோனது.

"என்னடி சொல்ற?"

"டாக்டர் ஐயா புது மருந்து போட்டாருல்ல? புண்ணு ஆறுனதும் போட்டோ புடிச்சாரு. சீமையில டாக்டருங்க படிக்கிற புத்தகத்துக்கு எழுதி அனுப்பி, அது அச்சாகி வந்திருக்கு. மருந்து கலக்குற ஐயா காட்டுனாரு."

"அன்னிக்கு ஆறித்தானே இருந்துச்சு. பொய்யா எழுதலியே."

"பொய்யில்ல. ஆனா அடுத்த மழைக்கே மறுபடி வெடிச்சிருச்சே."

"டாக்டர் ஐயாவுக்குத் தெரியுமா?"

"இன்னிக்குத்தான் காட்டப்போறேன். இத்தன நாளும் மருந்து கலக்குற ஐயாதான் கட்டிவிட்டாரு."

"சரி, கட்டிக்கிட்டுப் போ. புத்தகத்துல என்ன இருந்தா உனக்கென்ன?"

"அதப் படிச்சிட்டு எந்த ஊரு டாக்டரோ எவ கால்லயோ இதே மருந்தப் போடுவாருல்ல? அவளும் ஆறிருச்சுன்னு நம்பிக்கிட்டு வேலைக்கு ஓடுவா."

கதவு திறந்தது. டாக்டர் குனிந்து கட்டைப் பார்த்தார்.

"இது ஆறுன காலாச்சே!"

"புத்தகத்துல ஆறிருச்சுங்க ஐயா. இங்கதான் ஆறல. அதையும் எழுதிப் போட்டுடுங்க."