மோட்டார் பெட்டிக்கு ஒரு காது

எங்கள் பக்கம் த்ரீ பேஸ் கரண்ட் விருந்தாளி மாதிரி, ஐயா. எப்போது வரும், எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் அருப்புக்கோட்டையில் என் கடைக்கு வியாபாரம். கரண்ட் வந்ததும் கிணற்று மோட்டாரைத் தானே போட்டுவிட்டு, வீட்டுக்காரர் செல்போனுக்குத் தகவல் அனுப்பும் பெட்டி. எம்.ரெட்டியபட்டியிலிருந்து திருச்சுழி வரை பம்புசெட் சுவர்களில் தொங்குவது நான் செய்ததுதான்.

பெட்டிக்குள் எந்த ஓ.எஸ்., அதாவது அதை இயக்கும் அடிப்படை மென்பொருள், போடுவது என்பதில் பட்ட பாடு கொஞ்சமில்லை. முதலில் போட்டது கம்ப்யூட்டருக்கு உள்ளது. அது கண் விழித்துச் சோம்பல் முறிப்பதற்குள் கரண்ட் போய்விடும். அடுத்தது சின்னது. மோட்டாரைப் போடும், நிறுத்தும். அதற்குமேல் கேட்டால் முழிக்கும். எரிச்சலில் இரண்டையும் தூக்கிப் போட்டேன். மூன்றாவதாக அகப்பட்டது பாகம் பாகமாக வருவது. கடிகாரம், செல்போன் தொடர்பு, திரை என்று வேண்டியதை மட்டும் பொறுக்கிச் சேர்க்கலாம். வேண்டாத பாகத்தைக் கடையில் இருந்தபடியே கழற்றலாம். மற்ற பாகங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. இதைப் போன முறை வந்த ஏட்டுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

கடையில் புரோகிராம் எழுதும் கிருஷ்ணப்ரியா, நான் பொறுக்கியதைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏண்ணே, மோட்டாருக்கு எதுக்கு மைக்கு? கச்சேரியா பண்ணப் போகுது?"

"தண்ணியில்லாம ஓடுனா சத்தம் மாறும்ல. அதக் கேட்டு நிறுத்தத்தான்" என்றேன்.

பொய்யில்லை. அதற்கும் பயன்பட்டது.

மற்றபடி, பம்புசெட் நிழலில் மனிதர்கள் என்னவெல்லாம் பேசுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு மல்லாங்கிணற்றுக்குப் பஸ் ஏறினாள், யார் மகன் கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எங்கே போகிறான், எல்லாம் அந்த மைக் வழியே கடைக்கு வந்துவிடும். மறுநாள் டீக்கடையில் ஒன்றிரண்டு சொல்வேன். வாய் பிளப்பார்கள். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

கருத்தப்பாண்டி மட்டும் வாய் பிளக்கவில்லை. திருச்சுழிப் பக்கம் பருத்தி போட்டிருந்தவர். தன் கிணற்றடியில் வைத்து, பக்கத்துக் காட்டு மாரிக்கண்ணனிடம் அவர் என்னைப் பற்றிச் சொன்னதையும் கேட்டேன்.

"ஏலே, பொன்ராசுக்கு ஊர்க்கத கேக்கலன்னா சோறு எறங்காது. அதனாலதான் அவன் பொண்டாட்டி அம்மா வீட்ல கெடக்கா."

அதில் பாதிதான் உண்மை.

அன்றைக்கு மத்தியானம் அவருடைய பெட்டி வழியே நான் காது கொடுத்தபோது கிணற்றடியில் பேச்சு இல்லை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. குழாய் அடியில் அடைத்த பாசியை எடுக்கத் தனியாக இறங்கியிருக்கிறார். எடுத்துவிட்டு ஏறும்போது படிக்கல் வழுக்கிவிட்டது.

"அமுதா, ஏ அமுதா... மாரிக்கண்ணா, காலு போச்சுலே... கை வழுக்குது, யாராச்சும் வாங்கலே."

அவர் மனைவி அமுதவள்ளியின் நம்பர் என் போனில் இருந்தது. ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்பார். டீக்கடையில் மழுப்புவது போல அங்கே மழுப்ப முடியாது. ஊர் ஊராகப் பெட்டியைப் பிடுங்கி என் கடை வாசலில் எறிவார்கள். இத்தனை அலைந்து தேர்ந்தெடுத்த ஓ.எஸ். வீணாகும். அவர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மைக் பாகத்தைக் கழற்றினேன்.

மற்றதெல்லாம் ஒழுங்காக ஓடியது. கரண்ட் வந்ததும் மோட்டார் நன்றாக ஓடுகிறது என்று அமுதவள்ளிக்குத் தகவல்கூடப் போனது. வேலை முடிந்துவிட்டது, வந்துவிடுவார் என்று உலை வைத்தாராம்.

"அண்ணே, எல்லாப் பெட்டியிலயும் மைக்கு இருக்கு. அவுக பெட்டியில மட்டும் அன்னிக்கு மத்தியானம் ஏன் கழட்டுனீக?" என்று கிருஷ்ணப்ரியா கேட்டாள். என் பதிலுக்குக் காத்திராமல் உங்களிடம் வந்துவிட்டாள். அவசரக்காரி.

ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவர் மனைவியைக் கூப்பிட்டார், மாரிக்கண்ணனைக் கூப்பிட்டார், கருப்பசாமியைக்கூடக் கூப்பிட்டார். என் பேரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் போகாமல் இருந்திருப்பேனா?