கடைசி சீட்ல சிரிக்காத ஆளு

மத்தியானம் ரெண்டே முக்கால் மணி. ஆமாண்டி, மத்தியானம்தான். பேய்னா ராத்திரிதான் வரணும்னு யாராவது எழுதிக் கொடுத்திருக்காங்களா? மூடின மில்லுக்குப் பின்னாடி ஒரு ரோடு... ரெண்டு பக்கமும் முள்ளுச்செடி. ஒரு வீடு கிடையாது, ஒரு டீக்கடை கிடையாது. அடிக்கிற வெயில்ல காக்கா கூட வாயைத் திறக்கல. அந்த ரோட்ல ஒரு பஸ் போகுது.

கரண்ட் வர்ற வரைக்கும்தான் சொல்வேன். வந்துச்சுன்னா எந்திரிச்சுப் போய்ப் படுத்துடுவேன், எனக்குக் காலை ஷிப்ட். ஏய் கொட்டாவி, தள்ளி உட்காருடி, மடியிலயே ஏறிடுவ போலிருக்கு.

இது எனக்கு நடந்ததில்ல. என்கூட படிச்சவளோட மாமனாருக்கு நடந்தது. அவர்தான் அந்த பஸ்ஸுக்கு டிரைவர். சரியான முசுடு. அவர் பல்லு எப்படி இருக்கும்னு பொண்டாட்டிக்கே தெரியாது. ஆனா அவருக்கு வாய்ச்ச கண்டக்டர் நேர் எதிர். 'சிரிப்பு'ன்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. டிக்கெட்டுக்கு ஒரு ஜோக்கு, சில்லறை இல்லேன்னா ரெண்டு ஜோக்கு. பஸ்ஸே குலுங்கும். முன்னாடி வண்டி காலியா வந்தாலும் விட்டுட்டு, இவன் வண்டிக்காக ஜனங்க நிப்பாங்களாம்.

ஆனா ஒண்ணு... பஸ்ல ஒரே ஒரு மூஞ்சி உர்ருனு இருந்தா போச்சு. அந்த ஆளுக்குப் பல்வலியா இருக்கும், வீட்ல சண்டையா இருக்கும். இவனுக்கு அதெல்லாம் ஏறாது. பக்கத்துலயே நின்னுக்கிட்டு, அவர் சிரிக்கிற வரைக்கும் விடமாட்டான். வேர்த்து விறுவிறுத்துப் போயிடுவான். ஒரு தடவை ஒருத்தர் சிரிக்காமலே இறங்கிப் போயிட்டாரு. இவன் பஸ்ஸை அம்போனு விட்டுட்டு அவர் பின்னாடியே நடுத்தெருவுல ஓடியிருக்கான். "சார்... ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போங்க சார்!" அழாத குறை. சஸ்பெண்ட் பண்ணாங்க. மறை கழண்ட கேசுன்னு எல்லாரும் பேசினாங்க.

நம்ம டிரைவர் மட்டும்தான் "ஏண்டா தம்பி?"ன்னு கேட்டாரு.

அப்பதான் அவன் சொல்லியிருக்கான். அவங்க அப்பா அந்த மில்லுல வேலை. ஷிப்ட் முடிஞ்சு மூணு மணிக்கு வருவாராம். மெஷின் எண்ணெய் வாசனை வாசல்ல வந்ததுமே, அம்மா அடுப்படிச் சுவரோட ஒட்டிக்குவாங்க. மூஞ்சி உர்ருனு இருந்தா அன்னிக்கு அம்மாவுக்கு அடி. பெல்ட்டோ கரண்டியோ, கைக்கு எது சிக்குதோ அது. ஒரு நாள் இவன் பயத்துல என்ன பண்றதுன்னு தெரியாம குரங்கு மாதிரி சேட்டை பண்ணியிருக்கான். அந்த ஆளு சிரிச்சுட்டாரு. அன்னிக்கு அடி விழல.

அவ்வளவுதான், மாட்டிக்கிச்சு பிள்ளை. அஞ்சு வயசுல ஆரம்பிச்ச வேலை. அப்பா சாகுற வரைக்கும், மீசை முளைச்ச பிறகும், தினம் மூணு மணிக்கு. காய்ச்சல்னாலும் ஆடணும். சிரிப்பு வராத அன்னிக்கு அம்மா கத்துறதை நின்னு கேட்கணும். 'நான் சரியா பண்ணல, அதான் அம்மா அடி வாங்குறாங்க'ன்னு நெனச்சுக்குமாம் அது. சொல்லும்போதே எனக்கு வயிறு எரியுதுடி. எவ்வளவு பெரிய பாவம்!

கல்யாணமும் பண்ணிக்கல. நாற்பதைத் தாண்டியாச்சு. அம்மாவும் அவனும்தான், கடைசி ஸ்டாப்புக்குப் பக்கத்துலயே வீடு. மூணு மணிக்கு அந்த வீட்ல இருக்க முடியலைன்னு, மத்தியான டிரிப்பைக் கேட்டு வாங்கிக்குவான்.

சரி... அன்னிக்கு.

மார்க்கெட்ல எல்லாரும் இறங்கியாச்சு. மில் ரோட்ல திரும்பும்போது டிரைவர் கண்ணாடியில பார்க்கிறாரு. கடைசி சீட்டு, ஜன்னலோரம்... ஒரு ஆளு. எங்க ஏறினாருன்னே தெரியல. வெளிய பார்த்துக்கிட்டு, அசையாம இருக்காரு. வண்டிக்குள்ள எண்ணெய் வாசனை. இன்ஜின்ல ஏதோ ஒழுகுதுன்னு இவர் நெனச்சுக்கிட்டாரு.

கண்டக்டர் டிக்கெட் கொடுக்கப் பின்னாடி போனான். பாதியில நின்னுட்டான். பை நழுவி, சில்லறை எல்லாம்... கலகலகலன்னு டிரைவர் சீட்டு வரைக்கும் உருண்டு வருது. அவன் குனிஞ்சு எடுக்கல.

ஆட ஆரம்பிச்சான். குரங்கு, கோழி, நொண்டி நடை. ஆரம்பிச்சுட்டான்டான்னுதான் இவரும் கியரை மாத்தினாரு. அப்புறம்தான் உறைச்சுது... குரல் அவன் குரல் இல்ல. சின்னப் பையன் குரல். கீச்சு கீச்சுன்னு. கண்ணாடியை நல்லா திருப்பிப் பார்த்தாரு. அவன் பல்லைக் காட்டிக்கிட்டே ஆடுறான், கண்ணுல தண்ணி கொட்டுது... பேன்ட்டு நனைஞ்சு கால் வழியா ஒழுகுது.

ஏய், யாருடி அது? என் கையை விடு, நகம் குத்துது.

ஓடி வந்தான் முன்னாடி. "அண்ணே, கடைசி ஸ்டாப்புல நிறுத்திடாதீங்க. அவர் இன்னும் சிரிக்கல. இப்படியே இறங்கக் கூடாது."

"யாருடா?"

"அப்பா... அம்மா தனியா இருக்காங்கண்ணே. கால்ல விழுறேன், நிறுத்தாதீங்க."

டிரைவர் திரும்பிப் பார்க்கல. ஸ்டாப்புல ரெண்டு பேரு கையைக் காட்டுறாங்க. நிறுத்தாம அப்படியே வளைச்சு, மறுபடி மில் ரோட்டுக்கே விட்டாரு. பின்னாடி தொம் தொம்முனு குதிக்கிற சத்தம். விழுற சத்தம். மறுபடி எந்திரிச்சு, "அப்பா, இதைப் பாருங்கப்பா... இது புதுசுப்பா..." தொண்டை கட்டிப் போச்சு. அந்தப் பக்கத்துல இருந்து ஒரு 'உம்' கூட வரல.

அப்போ டிரைவர் என்ன பண்ணாரு தெரியுமா? ஜென்மத்துல ஒரு ஜோக்கு சொல்லாத மனுஷன், ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே கத்திச் சொல்றாரு. "ஒரு ஊர்ல ஒரு டாக்டராம்... அவர்கிட்ட ஒரு செவிடன் வந்தானாம்..." பாதியில மறந்து போச்சு. "வந்தானாம்... வந்தானாம்..." அதையே சொல்லிக்கிட்டு ஓட்டுறாரு. சிரிக்காதீங்கடி. அவர் அழுதுக்கிட்டே சொன்னாராம்.

எதிர்ல ரயில்வே கேட் மூடிக் கிடக்கு. பிரேக்கைப் போட்டுத்தான் ஆகணும். போட்டாரு. வண்டி நின்னுச்சு.

பின்படி... கிரீச்.

ஒரு ஆள் இறங்கினா அமுங்குற மாதிரி பஸ் ஒரு பக்கம் அமுங்கி, எழும்புச்சு. கடைசி சீட்டு காலி.

கண்டக்டர் அப்படியே குதிச்சு முள்ளுச்செடிக்குள்ள ஓடினான், வீட்டுக்குக் குறுக்கு வழி. டிரைவர் வண்டியை அங்கேயே போட்டுட்டு, மூச்சு இரைக்க இரைக்கப் பின்னாடியே ஓடினாரு.

வீட்டுக் கதவு திறந்திருக்கு. வாசப்படியில அம்மா. ஒரு கை கன்னத்தைப் பொத்தியிருக்கு, இன்னொரு கை விரலை உதட்டுல வெச்சு, "ஷ்ஷ்... சாப்பிட்டாரு. இப்பதான் கண் அசந்தாரு."

மகன் அந்தக் கையை மெதுவா விலக்கிப் பார்த்தான். அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கு. செக்கச் செவேல்னு.

"உன்னைத்தான் கேட்டாரு. நீ எங்க இருக்கேன்னு நான் சொல்லல. நீயாவது போயிடுடா. போடா!" அந்தம்மா அவன் நெஞ்சைப் பிடிச்சு வெளிய தள்ளுது. தள்ளக் கூட தெம்பில்ல.

டிரைவர் சொன்னாரு, "அம்மாவைக் கூட்டிக்கிட்டு என் வீட்டுக்கு வந்துடுடா தம்பி. இப்பவே."

"எங்க போனாலும் மூணு மணி வரும்ல அண்ணே?"

செருப்பைக் கழட்டிட்டு நுனிக்கால்ல உள்ள போனான். தொட்டித் தண்ணியில மூஞ்சியைக் கழுவினான். கண்ணாடி முன்னாடி நின்னு, வாயோட ரெண்டு ஓரத்தையும் விரலால மேல தூக்கி, விட்டுப் பார்த்தான். அப்புறம் கட்டில் பக்கத்துல தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்துட்டான்.

கட்டில்ல யாரும் இல்ல. படுக்கை மட்டும் நடுவுல குழிஞ்சிருக்கு. அதுல இருந்து குறட்டை... ஏறுது, இறங்குது. டிரைவர் காதால கேட்டிருக்காரு. தோளைப் பிடிச்சு இழுத்துப் பார்த்தாரு, அவன் வரல.

"நீங்க போங்கண்ணே. எந்திரிக்கும்போது நான் எதிர்ல இருக்கணும்"னான்.

டிரைவர் வாசப்படி வரைக்கும் வந்திருப்பாரு...

குறட்டை நின்னுச்சு.