கீறல் விழாத தொரட்டி

மண்வெட்டி வாங்கப் போனால் எல்லோரும் முதலில் தகட்டின் முனையைத் தடவிப் பார்க்கிறார்கள். அதில் ஒன்றுமில்லை, தம்பி. முனையை எவனும் தீட்டிக் கொடுத்துவிடுவான். காம்பு நுழையும் வளையத்தைப் பாருங்கள். வளையமும் தகடும் ஒரே இரும்பாக அடித்ததாக இருந்தால் உங்கள் காலத்துக்கும் வரும். தனியாகச் செய்து பற்றவைத்தது இரண்டு மழைக்காலம் தாண்டாது. சந்தேகமாக இருந்தால் தூக்கிப் பிடித்து ஒரு கல்லால் தட்டிப் பாருங்கள். நல்லது நின்று ஒலிக்கும். மற்றது தட்டின இடத்திலேயே அடங்கிவிடும்.

காம்புக்கு எங்கள் பக்கத்து வெள்வேல மரம் போதும். ரேகை மேலிருந்து கீழாக நேராக ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் ஒருநாள் உங்கள் முழங்காலைப் பதம் பார்க்கும். வருடத்துக்கு ஒருமுறை வேப்பெண்ணெய் தடவுங்கள். கவாத்துக் கத்தரி வாங்கினால், திருகைக் கழற்றிச் சுருள்வில்லை மாற்ற முடிகிற மாதிரி வாங்குங்கள். அந்தச் சுவரில் தொங்குகிறதே, அதற்கு மூன்று வில் மாற்றிவிட்டேன். பக்கத்திலிருக்கும் கடப்பாறைக்கு வயது முப்பத்தொன்று.

கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்திலிருந்து இந்தத் தோப்பைப் பார்க்க வந்த முதல் நாள் நீங்கள் மரங்களை எண்ணினீர்கள், கிணற்றை எட்டிப் பார்த்தீர்கள். உங்கள் முகம் மலர்ந்தது இந்தச் சாமான் அறைக்குள் வந்தபோதுதான். வம்சி என்ற இந்தப் பையனுக்குக் கண் இருக்கிறது என்று அன்றைக்கே என் மனைவி ராசாத்தாளிடம் சொன்னேன். இன்றைக்கு ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். அந்த ஃபைபர் தொரட்டியைக் கையில் எடுத்ததும் நின்றுவிட்டீர்கள்.

“இது புதுசுங்களா?”

ஒன்பது வருடம் ஆகிறது என்றேன்.

“ஒரு கீறல்கூட இல்லையே. எடுக்கவே இல்லீங்களா?”

ஒருமுறை எடுத்தேன். ஒரு சாமானை அதன் கதையைச் சொல்லாமல் கை மாற்றிவிடும் பழக்கம் எனக்கு இல்லை. அந்த ஸ்டூலில் உட்காருங்கள்.

மேற்கு ஓரத்தில் பதினோரு தென்னை மரங்களுக்குப் பக்கத்தில் மின்கம்பி போகிறது, பார்த்திருப்பீர்கள். பதினோராயிரம் வோல்ட். அந்த மரங்களில் காய் பறிக்க என்று என் மகன் சுரேந்தர் வாங்கி அனுப்பியதுதான் இது. எங்கேயோ ஒரு தோப்பில் அலுமினியத் தொரட்டி கம்பியில் பட்டு ஆள் போய்விட்டதைப் பேப்பரில் படித்திருக்கிறான். போனில் சொன்னான்: “அப்பா, இதுல கரண்ட் பாயாது. நம்ம மாசாணத்துக்குன்னு வாங்குனது. கம்பியோரம் போனா இதையேதான் எடுக்கச் சொல்லோணும்.”

சரி என்றேன். துணி உறையில் வந்தது. நாற்பது அடி நீளம் இழுக்கலாம், கையில் பிடித்தால் பாரம் தெரியாது. இணைப்புகள் ஒவ்வொன்றும் தண்ணீர் புகாதபடி பொருந்தும். நான் எத்தனையோ சாமான் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

மாசாணம் எங்கள் தோப்பில் பத்தொன்பது வருடம் வேலை செய்தவன். அன்றைக்கு அவனும் அதைப் பிடித்துப் பார்த்தான். “பூவாட்ட இருக்குதுங்க சாமி,” என்று சிரித்தான். அப்போதுதான் மட்டை உரித்துவிட்டு வந்திருந்தான். கைப்பிடியில் அவன் உள்ளங்கைக் கறை பதிந்துவிட்டது. அவன் போன பிறகு மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். துடைத்து, உறையில் போட்டு, இந்த ஆணியில் மாட்டினேன்.

நீங்கள் இனி இங்கே தோப்பு வைத்திருக்கப் போகிறவர், தெரிந்துகொள்வது நல்லது. எங்கள் பக்கத்தில் சாமான் இரண்டு வகை. வீட்டுச் சாமான், ஆள் சாமான். வீட்டுச் சாமான் அறைக்குள் தொங்கும். ஆள் சாமான் வெளியே சாளைக் கொட்டகையின் கூரை எரவாரத்தில் செருகியிருக்கும். வீட்டுச் சாமான் தேய்ந்தால் ஆள் சாமான் ஆகும். ஆள் சாமான் அறைக்குள் வராது. எழுதிவைத்த சட்டம் ஒன்றுமில்லை, பராமரிப்புக்காகத்தான். பல கை பட்டால் எந்தச் சாமானும் கெட்டுவிடும். மாசாணத்தின் டீ டம்ளரும் அதே எரவாரத்தில்தான் இருக்கும். அது வேறு விஷயம்.

ஆகவே மாசாணம் கம்பியோரம் போகும்போதும் எரவாரத்து அலுமினியத் தொரட்டியைத்தான் எடுத்துப் போனான். இரண்டு வருடம் அப்படித்தான் போயிற்று. ஒன்றும் ஆகவில்லை. அவன் கேட்கவுமில்லை.

கேட்டது அவன் மகள் மதிவதனி. கோயமுத்தூரில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்து ஒரு மோட்டார் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவள் அப்பன் என்னைச் சாமி என்பான், அவள் சார் என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பனுக்குச் சோறு கொண்டுவந்தவள், மேற்கு ஓரத்தில் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். பிறகு நேராக என்னிடம் வந்தாள்.

“சார், ஆடிக் காத்துக்கு லைன் தொங்கிப்போச்சுங்க. நாலாவது மரத்துக்கிட்ட ரொம்பக் கீழ இருக்குது. ஈ.பி.க்கு எழுதிப் போடலீங்களா?”

எழுதினால் மரங்களை வெட்டச் சொல்வார்கள். பதினோரு மரமும் நல்ல காய்ப்பில் இருந்தன. கம்பி ஒரு சாண் இறங்கியிருப்பதை அவள் சொல்வதற்கு ஒரு மாதம் முன்பே நான் பார்த்திருந்தேன். பார்த்துக்கலாம் அம்மணி என்றேன்.

“அது வரைக்கும் சுரேந்தர் அண்ணன் வாங்குனதைக் குடுங்க சார். அப்பாவுக்குன்னுதானே வாங்குனாங்க?”

“அதெல்லாம் பக்குவமாப் புழங்கோணும் அம்மணி. உங்கப்பனுக்கு அலுமினியமே கை பழகிப்போச்சு.”

அவள் எரவாரத்தைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். சத்தம் போடாமல்தான் கேட்டாள்: “எங்கப்பா தொட்டாத் துருப்பிடிச்சுருமுங்களா, சார்? அது இரும்புகூட இல்லீங்களே.”

மாசாணம் பதறிப்போனான். “ஏ புள்ள, வாய மூடு. சின்னப் புள்ளீங்க சாமி, பெரிசா எடுத்துக்காதீங்க.” நானும் சிரித்துக்கொண்டேன். அவள் அறைக்குள் நுழைந்தாள். தொரட்டியை ஆணியிலிருந்து இறக்கினாள், உறையைக் கழற்றினாள், வெளியே கொண்டுவந்து சாளைச் சுவரில் சாத்திவைத்தாள். உறையை மடித்து என் கையில் கொடுத்தாள்.

கோபம்கூட வரவில்லை என்றே நினைக்கிறேன். அவர்கள் போன பிறகு எடுத்துத் துடைத்து உள்ளே மாட்டினேன். மறுநாள் டவுனுக்குப் போய் ஒரு பூட்டு வாங்கினேன். யானை தோப்புக்குள் வந்துபோன காலத்திலும் இந்த அறையை நான் பூட்டியதில்லை. பூட்டிலும் நல்லது கெட்டது உண்டு. பித்தளை உடம்பு, ஏழு லீவர். இன்றும் சாவி வெண்ணெயில் போகிற மாதிரி போகிறது, நீங்களே பார்த்தீர்கள்.

புரட்டாசியில் ஒருநாள் காலை தூறல் போட்டு ஒன்பது மணி வாக்கில் விட்டது. நான் சாளையில் உட்கார்ந்து கவாத்துக் கத்தரிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். மாசாணம் வந்து தலையைச் சொறிந்தான்.

“ஏனுங்க சாமி, இன்னைக்கு மேக்கால ஓரம் பறிக்கோணும். அந்த உள்ள இருக்கறதைக் குடுத்தீங்கன்னா... புள்ள சத்தியம் வாங்கிப்போட்டுதுங்க. அது இல்லாம கம்பிக்கிட்டப் போகப்படாதுன்னு.”

“சாவி ஊட்டுல இருக்குது மாசாணா. நீ இதுலயே பறிச்சுப்போடு.”

“மரமெல்லாம் நனைஞ்சு நிக்குதுங்க.”

“பத்தொம்பது வருசமாப் பறிக்கறே. இன்னைக்கென்ன புதுசாப் பயம்?”

பிறகு எரவாரத்திலிருந்து அலுமினியத் தொரட்டியை உருவினான். “புள்ள கேட்டா நீங்களே சொல்லிப்போடுங்க சாமி. எனக்கு அவகிட்டப் பேசி ஜெயிக்க முடியாதுங்க,” என்று சிரித்துக்கொண்டே போனான்.

சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். அவன் அந்தத் தொரட்டியிலேயே பறித்து முடித்து, ஒன்றும் ஆகாமல் வீட்டுக்குப் போய், அதை அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. அவள் சொன்னது தப்பு என்று ஆக வேண்டும். அதற்காக எண்ணிக்கொண்டிருந்தேன். குலை விழும் சத்தத்தை வைத்து எண்ணலாம். முதல் மரம், இரண்டாவது மரம். மூன்றாவதில் கொஞ்சம் நேரமாயிற்று. நாலாவதுக்கு நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். இப்போது யோசித்தால், ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறவன் எதற்காகக் கையிலிருக்கும் வேலையை நிறுத்துகிறான் என்று தோன்றுகிறது.

கத்தல் எதுவும் கேட்கவில்லை. கிணற்று மோட்டார் நின்றது. தோப்பு முழுக்க ஒரேயடியாக அமைதியாகிவிட்டது.

லைனில் மின்சாரம் போய்விட்டது என்று தெரிந்தது, அதனால் போய்ப் பார்க்கப் பயமில்லை. போனேன். தொரட்டி ஒரு பக்கம் கிடந்தது. மாசாணம் மல்லாந்து கிடந்தான். உள்ளங்கைகள் கருகியிருந்தன. மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்ததா என்று சொல்ல முடியாது. போன் என் பையில் சாவியோடுதான் இருந்தது. இரண்டையும் வெளியே எடுத்தேன். போனை மறுபடி உள்ளே போட்டேன்.

திரும்பி வந்து பூட்டைத் திறந்தேன். தொரட்டியை உறையிலிருந்து எடுத்தேன். கொண்டுபோய் அவனுக்கு நாலடி தள்ளி, சேறு படாமல் புல் இருந்த இடமாகப் பார்த்து, மரத்தில் சாத்திவைத்தேன். பூட்டையும் உறையையும் மோட்டார் ரூமுக்குள் வைத்தேன். பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். எல்லாமாகப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும். வண்டி வந்தபோது அவனுக்கு மூச்சு இல்லை. பன்னிரண்டு நிமிடம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று நான் யாரையும் கேட்டதில்லை.

விசாரிக்க வந்தவர்களிடம் உள்ளதைச் சொன்னேன் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நல்ல தொரட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறேன், பக்கத்திலேயே சாத்தியிருக்கிறது, பழக்கதோஷத்தில் பழையதை எடுத்துவிட்டான். காகிதத்தில் கவனக்குறைவு என்று எழுதினார்கள். ஆளுக்கு இவ்வளவு நல்ல சாமான் வாங்கி வைத்திருக்கும் தோட்டக்காரரை இப்போதுதான் பார்க்கிறோம் என்று அவர்களில் ஒருவர் சொன்னார்.

மதியம் மதிவதனி வந்தாள். அழவில்லை. அப்பனைக் கொண்டுபோயிருந்தார்கள். அவள் மரத்தில் சாத்தியிருந்த தொரட்டிக்கு முன்னால் நின்றாள். மரத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கைப்பிடியை விரலால் தொட்டுப் பார்த்தாள். அடிப்பகுதியைத் தூக்கிப் பார்த்தாள்.

“அடியில ஒரு பொட்டு மண்ணு இல்லீங்களே, சார். காலைல இருந்து சேத்துல பொழங்குனவரு கொண்டாந்த மாதிரி இல்லீங்களே.”

“நல்ல சாமான் அம்மணி,” என்றேன். “எதுவும் ஒட்டாது.”

என் முகத்தையே பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதைக் கொண்டு அவளால் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இருந்தாலும் அவள் விடவில்லை. மனு மேல் மனு போட்டாள். கடைசியாக ஒருமுறை வீட்டுக்கே வந்தாள். “எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்க சார். அறை பூட்டியிருந்துச்சு, எங்கப்பா கேட்டாரு, நீங்க குடுக்கலே. இந்த ஒரு வரி எழுதிக் குடுங்க. அவரு எனக்குப் பண்ணுன சத்தியத்தை மீறிச் செத்தாருன்னு எங்கம்மா நெனச்சுட்டிருக்குது.” இல்லாததை எப்படி எழுதுவது அம்மணி என்றேன். ராசாத்தாள் அவளுக்குக் காப்பி கொண்டுவந்தாள், பேப்பர் கப்பில். அவள் அதைத் தொடாமல் போனாள்.

அதோ, வாழைக்கு அக்கட்டால், அந்தப் பக்கமாக, குனிந்து களை கொத்துகிறாளே, அது பழனியாத்தாள், மாசாணத்தின் பெண்டாட்டி. வேறு எங்கே போவாள்? அவள் கையில் இருப்பது ஆள் சாமான்தான். தகடு தேய்ந்து பிறை மாதிரி ஆகிவிட்டது, ஆனாலும் கொத்துகிறாள். ஒருநாள் அவளே சொன்னாள்: “நீங்க எடுத்துக் குடுத்தும் அந்த மனுசன் கேக்கலீங்களே சாமி.” நான் அடுத்த பாத்தியைக் காட்டினேன். தோப்போடு அவளையும் வைத்துக்கொள்ளுங்கள், நல்ல கை. சாயங்காலம் மகள் வண்டியில் வந்து கூட்டிப்போவாள். வேலிக்கு வெளியிலேயே நிற்பாள், உள்ளே வரமாட்டாள். நாலாவது மரத்தைப் பார்த்தபடி நிற்பாள். இன்றைக்கும் வருவாள். வேண்டுமானால் நீங்கள் போய் அவளிடம் சொல்லலாம். நான் தடுக்கப்போவதில்லை.

ஆனால் சொல்லமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். வியாழக்கிழமை பத்திரப் பதிவு. வழக்கு என்று ஒன்று வந்தால் தோப்பு வருடக்கணக்கில் கை மாறாது, இது நீங்கள் ஆசைப்பட்ட தோப்பு. நான் சாவியைப் பற்றிச் சொன்னபோது உங்கள் முகம் மாறியது. இருந்தும் இத்தனை நேரமும் அந்தத் தொரட்டியைக் கீழே வைக்கவில்லையே.

அதில் தப்பில்லை. நான் உங்களிடம் சொன்னதுகூட மனம் உறுத்தியதால் இல்லை, நீங்கள் கேட்டதால்தான். இந்தாருங்கள், உறை. நிமிர்த்தித் தொங்கவிடுங்கள், படுக்கவைத்தால் வளையும். வெயில் படக்கூடாது. இப்படியே வைத்திருந்தால் உங்கள் பிள்ளை காலத்துக்கும் வரும். ஆள் கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், கெடுத்துவிடுவார்கள்.