இன்னும் மூன்று தவணை

எங்கள் வீட்டில் ஒரு தேங்காய் மூன்று நாளைக்கு வரும். திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். முதல் நாள் அவியலுக்கு, மறுநாள் துவையலுக்கு, மூன்றாம் நாள் ஓட்டோடு ஒட்டியிருப்பதைச் சுரண்டிக் கூட்டுக்கு. என் மனைவி நாகலக்ஷ்மி வைத்த ஏற்பாடு இது. மூன்றாம் நாள் கூட்டில் ருசி குறைந்தது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

இதை எழுதித் தரச் சொன்னது என் மகள் ஸ்ரீப்ரியா. "உங்க வாயால கேக்க வேண்டாம்ப்பா. எழுதித் தாங்கோ" என்றாள். சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பத்திரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஒரு காகிதத்தை முன்பின் தெரியாதவன் எடுத்துப் படித்தாலும் தலைகால் புரிய வேண்டும் என்று முதலாளி சொல்வார். அதனால் அவளுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் பெயர் தாணு. ஸ்ரீவராகத்தில் அப்பா விட்டுப்போன வீட்டில் இருக்கிறோம். வேலையிலிருந்து நின்ற கையோடு, பிச்சைக்கனி என்ற சிநேகிதரோடு கூட்டுச் சேர்ந்து, கல்யாணங்களுக்குப் பாத்திரமும் நாற்காலியும் வாடகைக்கு விடும் தொழில் தொடங்கினேன். வீட்டுப் பத்திரத்தைக் கூட்டுறவு வங்கியில் வைத்து எட்டு லட்சம் வாங்கினேன். நாகலக்ஷ்மியிடம் சொல்லவில்லை. அண்டாக்கள் வந்து இறங்கிய நாலாவது மாதம் கொரோனாவும் வந்து இறங்கியது. அதன்பின் ஊரில் நடந்த கல்யாணங்களுக்கு இருபது தட்டு போதும். பாத்திரங்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, பிச்சைக்கனி தென்காசிக்குப் போய்விட்டார். மாதம் பதினாலாயிரம், ஏழு வருஷம் என்று கடன் மட்டும் நின்றது.

விஷயம் தெரிந்த அன்று நாகலக்ஷ்மி அழுவாள் என்று நினைத்தேன். "போறது. மூணு பேர் இருக்கோம். வாயைக் கட்டி வயத்தைக் கட்டி அடைச்சுடலாம், கேட்டேளா" என்றாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் முறுக்கும் தட்டையும் பண்ணி, சாலைக் கடைத்தெருவில் மைதீன் கடைக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். ஸ்ரீப்ரியா அப்போதுதான் டெக்னோபார்க்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஸ்கூட்டரை விற்றுவிட்டு, கிழக்கேகோட்டை வரை நடந்துபோய்ப் பஸ் ஏறினாள். பெங்களூரில் நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டபோது, தனிக் குடித்தனச் செலவு தாங்காது என்று வேண்டாமென்றாள். நான் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதப் போனேன்.

தினமும் விளக்கேற்றிய பிறகு மூன்று பேரும் அடுக்களையில் உட்காருவோம். அன்றைய செலவை நான் படிப்பேன். "நிதி மந்திரி வந்தாச்சு, எல்லாரும் எழுந்து நில்லுங்கோ" என்பாள் நாகலக்ஷ்மி. ஸ்ரீப்ரியா மாவு பிசைந்த கையோடே எழுந்து நின்று கும்பிடுவாள். பால் செலவு இரண்டு ரூபாய் குறைந்திருந்தால் கைதட்டுவார்கள். ஒருநாள் காஸ் சிலிண்டர் ஐம்பத்தெட்டு நாள் வந்ததற்கு நாகலக்ஷ்மி எனக்கு ஒரு கரண்டி பாயசம் கூடுதலாக ஊற்றினாள்.

அதற்கு முன்னால் என் வீட்டில் நான் செல்லாக்காசு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கடையிலிருந்து வருவேன், சாப்பிடுவேன், படுப்பேன். அம்மாவும் பெண்ணும் பேசிக்கொண்டிருக்கும் அறைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். "என்ன வேணும்?" என்று கேட்பார்கள். ஒன்றும் வேண்டாம் என்று திரும்பிவிடுவேன். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில், என் மனைவி இவ்வளவு நன்றாகச் சிரிப்பாள் என்பது கடன் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஐந்து வருஷம் இப்படிப் போனது. இருபத்துநாலு தவணை பாக்கி இருந்தபோது பிச்சைக்கனி மரக்கடைக்கு வந்தார். நிலம் ஒன்று விலைபோயிற்றாம். "ஒங்க பணத்த வச்சுக்கிட்டு எனக்கு ஒறக்கம் வரல அண்ணாச்சி" என்று மூன்று லட்சத்தை என் கையில் வைத்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அன்றே வங்கிக்குப் போய் முழுவதையும் கட்டினேன். பத்து நாள் கழித்துப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பத்திரம் கிடைத்த அன்று ஆறு போளி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பிடும்போது சொல்வதாக உத்தேசம். நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்ரீப்ரியா, "அம்மா, பெங்களூர்லேர்ந்து மறுபடி கூப்பிட்டா. கடன் தீர்ந்த மறுநாள் வரேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள். "நானும் உன்கூட வந்துடறேன். கொஞ்ச நாள் கால் நீட்டிண்டு உக்காரணும்" என்றாள் நாகலக்ஷ்மி. இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் வருவேனா என்று கேட்கவில்லை. மறந்திருப்பார்கள்.

"போளி ஏது?" என்று கேட்டாள் நாகலக்ஷ்மி. மரக்கடை முதலாளி வீட்டில் விசேஷம் என்றேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். பத்திரத்தை மரக்கடை மேஜையில் வைத்துப் பூட்டினேன்.

ஒரு பைசா நான் தொடவில்லை. மாதாமாதம் அவர்கள் கொடுத்த பணத்தோடு என் பங்கையும் சேர்த்து வேறொரு வங்கியில் போட்டு வந்தேன். மொத்தமாக ஒருநாள் எடுத்து நீட்டினால் எவ்வளவு சந்தோஷப்படுவார்கள் என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசிப்பேன். அந்த யோசனையே எனக்குப் போதுமானதாக இருந்தது.

நாலு மாதம் கழித்து ஒரு காலை, ஸ்ரீப்ரியா வேலைக்குப் போன பிறகு, நாகலக்ஷ்மி என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். என் விரலைப் பிடித்து வலது மார்பின் ஓரத்தில் வைத்தாள். புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டது.

"வலிக்கலை. பிரியா கிட்ட சொல்லாதேங்கோ, குதிப்பள். கடன் தீரட்டும், போய்க் காட்டிக்கலாம். இப்போ போனா கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையா ஸ்கேன் அது இதுன்னு இழுத்து விட்டுடுவா. சரிதானே?"

"உன் இஷ்டம்" என்றேன்.

நான் தடுக்கவில்லை. போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளாக எடுத்த முடிவு அது. கடன் தீரட்டும் என்றாள். அது தீர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியாது.

அன்று மரக்கடைக்குப் போகாமல், பெரிய ஆஸ்பத்திரி வாசல் வரை பஸ்ஸில் போனேன். எதிரே ஒரு டீக்கடையில் அரைமணி நேரம் நின்றேன். அவளை அங்கே கூட்டிவர வேண்டுமானால் கடன் இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால், எப்போது தீர்ந்தது என்று கேட்பாள். ஸ்ரீப்ரியா அந்த வாரமே கிளம்புவாள். இவளும் பின்னாலேயே போவாள், அல்லது போகாமல் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இரண்டாவதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

ஆனால் சும்மா இருந்துவிடவில்லை. அன்று சாயங்காலம் கணக்குப் படிக்கும்போது, ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு வங்கியில் சலுகை தருகிறார்கள், இரண்டு தவணை குறைந்தது என்று சொன்னேன். இருபதைப் பதினெட்டு ஆக்கினேன். என்னால் முடிந்தது அது. நாகலக்ஷ்மி கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு ஒன்பது மாதம் அவள் அந்தக் கட்டியைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. முறுக்கு அச்சை இடது கையால் அழுத்த ஆரம்பித்தாள். கொடியில் துணி உலர்த்த என்னைக் கூப்பிட்டாள். எதையும் கவனிக்கவில்லை என்று நான் சொல்லப் போவதில்லை. துணியெல்லாம் நானே உலர்த்தினேன்.

கடைசியில் கண்டுபிடித்தது ஸ்ரீப்ரியா. அம்மாவுக்கு ரவிக்கை மாட்டிவிடப் போனவள், அப்படியே ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். "எத்தர நாளாயி?" என்று டாக்டரம்மா கேட்டார். நாகலக்ஷ்மி என்னை ஒருமுறை பார்த்தாள். "இப்போதான், ஒரு மாசமா" என்றாள். என்னைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துச் சொன்னாள். எதிலிருந்து காப்பாற்றினாள் என்பது அவளுக்குத் தெரியாது. டாக்டரம்மா நம்பவில்லை. எலும்புக்குப் போய்விட்டது என்று மட்டும் சொன்னார்.

சிகிச்சைக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. சேர்த்து வைத்திருந்த பணம் இருந்ததே. ஏது பணம் என்று கேட்டதற்கு, மைதீன் கடனாகக் கொடுத்தார் என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். அது தப்பாகப் போயிற்று. மருந்து ஏற்றி வந்த நாலாம் நாள், தலையில் முடியில்லாமல், முக்காலியில் உட்கார்ந்து மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். "மைதீன் நல்ல மனுஷன். அவர் பணம் நிக்கப்படாது. ஒரு கிலோவாவது பண்ணிக் குடுத்துடறேன்" என்றாள். ஸ்ரீப்ரியா மாவுப் பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு அழுதாள். நான் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். என்னாலும் தாங்க முடியவில்லை. இதை யாரும் நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை.

கடைசி வாரம் பேச்சு குறைந்துவிட்டது. ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து, "ஏன்னா, இன்னும் எத்தனை?" என்றாள்.

தலைமாட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். ஒன்றுமில்லை, எல்லாம் தீர்ந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் நிம்மதியாகப் போயிருப்பாள். ஆனால் நாகலக்ஷ்மிக்குக் கணக்கில் கெட்டிக்காரத்தனம் உண்டு. எப்போது என்று கேட்டிருப்பாள்.

"மூணு" என்றேன்.

"மூணுதானே" என்றாள். கையிலிருந்த இரண்டு வளையலைக் கழற்றப் பார்த்தாள். கழற்ற வலுவில்லை. ஸ்ரீப்ரியா வந்ததும் அவளிடம் சொல்லிக் கழற்றிக் கொடுத்தாள். இதை விற்று அந்த மூன்றையும் கட்டிவிடு, அப்பாவைத் தனியே விடாதே என்றாள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

காரியங்களெல்லாம் முடிந்த மறுநாள் ஸ்ரீப்ரியா வளையலை விற்றுப் பணத்தோடு வங்கிக்குப் போனாள். நான் கட்டிக்கொள்கிறேன் என்று எவ்வளவோ சொன்னேன், அம்மா என்னிடம்தான் சொன்னாள் என்றாள். கவுண்டரில் ஸ்மிதா என்ற பெண், இவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவளாம், கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, இந்தக் கடன் தீர்ந்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறதே என்று சொல்லியிருக்கிறாள். ஸ்ரீப்ரியா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் நடுக்கூடத்தில் நின்றாள். கத்தவில்லை. பத்திரம் எங்கே என்று மட்டும் கேட்டாள். எடுத்து வந்து கொடுத்தேன். அதோடு வங்கி கொடுத்திருந்த ரசீதின் தேதியை வெகுநேரம் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது, எழுதித் தாங்கோ என்பதுதான்.

ஒன்றை அவள் கேட்கவில்லை. பதிலுக்குப் பயந்து கேட்காமல் இருக்கிறாள் போலிருக்கிறது. எழுதுவது என்று உட்கார்ந்தபின் விட்டுவைக்கக் கூடாது.

எனக்குச் சிவகாமி என்று ஒரு அக்கா இருந்தாள். நாகலக்ஷ்மி இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே போய்விட்டாள். காய்ச்சலில் போனாள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தோம், இந்த வியாதி என்றால் வீட்டுப் பெண்களைக் கட்டிக்கொள்ள யோசிப்பார்கள் என்பதற்காக. அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தவன் நான். அவள் மார்பில் இருந்த கட்டியை டாக்டர் என் விரலைப் பிடித்துத் தொட்டுக் காட்டினார். ஆறு மாதம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார். ஆகவே அன்று காலை அடுக்களையில் என் விரல் பட்டவுடனே எனக்குத் தெரியும். ஆறு மாதம் என்பதும் தெரியும். தெரிந்துதான் உன் இஷ்டம் என்றேன். தெரிந்துதான் இரண்டு தவணை குறைத்தேன். நாகலக்ஷ்மியைச் சாகவிட்டது நான்.

ஸ்ரீப்ரியா வெள்ளிக்கிழமை பெங்களூர் போகிறாள். பெட்டி கட்டியாகிவிட்டது. அங்கே வாடகையெல்லாம் ஆனை விலை என்கிறார்கள், பார்த்துச் செலவு செய்ய ஆள் வேண்டும். சம்பளத்தில் பாதியை முன்போல் மாதாமாதம் எனக்கு அனுப்பிவிடச் சொல்லி இதிலேயே கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் இருந்தால் பத்திரமாக இருக்கும். அவளும் மாதம் ஒரு தடவையாவது கணக்குக் கேட்கக் கூப்பிடுவாள்.